விற்கப்போன காமிராவும் ஒரு புளியமரமும்

கள்ளக்குறிச்சிக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, காமிரா விற்க. நாகர்கோவிலில் மருந்துக்கடை வைத்திருப்பவன் ஒரு காமிராவை விற்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கடைக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் போட்ட விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்தவர்களில் 'எதுக்கு விக்கிறீங்க?' என்று கேட்காத ஒரே ஆள் கள்ளக்குறிச்சிக்காரர். மற்றவர்களிடம் ஆளுக்கொரு பதில் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. சரியான பதில் எது என்று எனக்கே தெரியாது.

முதலில் என்னிடம் இருந்தது ஒரு சின்னக் காமிரா. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கோ குளத்தங்கரைக்கோ போய்விடுவேன். கண்ணில் பட்டதை எல்லாம் எடுப்பேன். பாதிப் படம் மங்கலாக வரும். அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. பிறகு படமெடுக்கும் நண்பர்கள் சிலர் பழக்கமானார்கள். படத்தைக் காட்டினால் அவர்கள் கேட்பது "எந்த லென்ஸ்?" என்றுதான். எனக்கும் ஆசை வந்தது. பெரிய காமிரா வாங்கினேன். கூடவே இரண்டு லென்ஸ், ஒரு மூன்றுகால் ஸ்டாண்டு, முதுகில் மாட்டும் பை. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெளியே போவது குறைந்தது. குறைந்து குறைந்து ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது.

"இது வந்த பொறவு நீங்க படம் எடுத்ததவிட இதத் தொடச்சதுதான் கூடுதல்" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. "பேசாம வித்திருங்க. பழசு கெடக்குல்லா, அதுல எடுங்க."

அவள் சொன்னது சரி என்றுதான் பட்டது. பெரியது போனால் சின்னது திரும்பக் கைக்கு வரும். அதோடு பழைய சந்தோஷமும் வந்துவிடும். ஆனால் ராத்திரி படுத்தால் வேறு மாதிரி தோன்றியது. சந்தோஷம் போனதற்குக் காமிரா காரணம் இல்லை, நான்தான் காரணம் என்றால்? அப்போது காமிராவும் போயிருக்கும், சந்தோஷமும் வராது. இந்தப் பயம் உள்ளே இருந்துகொண்டே இருக்க, காமிராவைப் பையில் வைத்து மூடிக்கொண்டு கிளம்பினேன். சின்னது சட்டைப் பையில் இருந்தது.

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் காலையில் இறங்கியபோது, வாங்கப்போகிறவர் எனக்காக ஒரு மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார். பெயர் ஏழுமலை. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். என்னைவிட இளையவர். தோளில் ஒரு காமிரா தொங்கியது.

"இன்னா சார், போன்ல கொரலு பெருசா இருந்துச்சு. நேர்ல பாத்தா ஆளு இத்தினியூண்டு இருக்கீங்க" என்றார். நான் சிரித்துவிட்டுப் பையைத் திறக்கப் போனேன். அவர் தடுத்தார்.

"இப்ப வேணாம் சார். இன்னிக்கி நாளைக்கி ரெண்டு நாளும் கல்யாணம். புது காமிராவக் கையில வாங்கினா பட்டன் எங்கன்னு நான் தேடிக்கினு இருப்பேன், மாப்ள தாலியக் கட்டிட்டுப் போய்க்கினே இருப்பான். ஞாயித்துக்கெழம மதியானம் கடைக்கு வாங்க, பாத்துட்டு வாங்கிக்கிறேன்."

அவருடைய சொந்தக் காமிரா போன முகூர்த்தத்தில் செத்துப்போயிருந்தது. வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெண்கள் இவர் முகத்துக்கு நேராகவே செம்பைச் சாய்த்துவிட்டார்களாம். தோளில் தொங்கியது சின்னசேலத்து நண்பரிடம் இரவல் வாங்கியது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் என் காமிரா கைக்கு வராவிட்டால் அடுத்து ஒப்புக்கொண்ட கல்யாணங்களுக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அதுவரைக்கும் நான் எங்கே இருக்க?" என்று கேட்டேன்.

"இன்னிக்கி நம்ம கல்யாணத்துக்கு வாங்க. நாளைக்கி மலைக்குப் போய்ட்டு வாங்க. காமிரா இருக்குது, மலை இருக்குது, இன்னா கொறைச்சல்?"

ஆக, விற்ற மாதிரியும் இல்லாமல் வைத்துக்கொண்ட மாதிரியும் இல்லாமல் அந்தக் காமிராவோடு நான் அந்த ஊரில் நின்றேன்.

கல்யாண மண்டபத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டு வைப்போம் என்று காமிராவை வெளியே எடுத்தது தப்பாய்ப் போயிற்று. துண்டு போட்ட ஒருவர் நேராக என்னிடம் வந்தார். பெண்ணின் தாய்மாமன் என்று பிறகு தெரிந்தது.

"வீடியோக்காரரே, இங்க குந்திக்கினு இன்னா பண்றீங்க? சீர்தட்டு வந்துக்கினு இருக்குது, வுட்டுடாதீங்க."

"நான் வீடியோக்காரர் இல்லீங்க."

"இல்லன்னா இன்னா, கையில இருக்குதுல்ல? வாங்க."

போனேன். தட்டு தட்டாக எடுத்தேன். தேங்காய்த் தட்டு, வளையல் தட்டு, சாக்லேட்டைக் கோபுரமாக அடுக்கிய தட்டு. அவர் "இப்டி", "அப்டி", "கிட்ட" என்று சொல்லச் சொல்ல எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒளி எங்கிருந்து வருகிறது, பின்னணி எப்படி இருக்கிறது என்று யோசிக்கவே நேரம் இல்லை. ஏழுமலை மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு வியர்த்து ஊற்றியது. வெகுநாளைக்குப் பிறகு அந்தக் காமிராவைக் கையில் வைத்திருக்கும்போது நன்றாக இருந்தது. ஏன் நன்றாக இருந்தது என்றுதான் புரியவில்லை. விற்க வந்த இடத்தில் இது எதற்கு?

சாப்பாட்டில் எனக்கு இன்னொரு குழப்பம். பாயசத்தை ஒரு காகிதக் கிண்ணத்தில் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் பாயசம் இலையில் விழ வேண்டும், அதில் பப்படத்தை நொறுக்கி, பழத்தையும் சேர்த்துப் பிசைய வேண்டும். கிண்ணத்துப் பாயசத்தை இலையில் கவிழ்த்து அப்பளத்தை நொறுக்கினேன். பக்கத்து இலைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"சார் வூட்ல இப்டித்தான் துன்னுவீங்களா?" என்றார்.

"ஆமா."

அவர் கொஞ்சம் யோசித்தார். தன் கிண்ணத்தில் ஒரு துண்டு அப்பளத்தைப் போட்டுப் பார்த்தார். கை கழுவுகிற இடத்தில் என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மலைக்குக் கிளம்பினேன். இங்கேதான் ஒரு பாடம் படித்தேன். பேருந்து நிலையத்தில் புறப்படத் தயாராக நின்ற டவுன் பஸ்ஸின் கண்டக்டரிடம் "மலைக்குப் போகுமா?" என்று கேட்டேன். "போவும் போவும், ஏறுங்க" என்றார். கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ்ஸும் அவற்றின் பின்னாலேயே ஊர்ந்தது. எங்கள் பக்கத்தில் தென்னையும் வாழையும் கண்ணை மறைக்கும். இங்கே கரும்பு வெட்டிய வயல்கள் வெட்டவெளியாகக் கிடக்க, அதற்கு அப்பால் மலை ஒரே நீளமாக, உச்சி என்று எதையும் காட்டாமல் கிடந்தது. கோமுகி அணைக்கட்டுக்குப் பக்கத்தில் பஸ் நின்றது.

"எறங்குங்க சார், மலை வந்திடுச்சு" என்றார் கண்டக்டர்.

இறங்கிப் பார்த்தால் மலை எதிரே இருக்கிறது. நான் அடிவாரத்தில் இருக்கிறேன். "மேலே வெள்ளிமலைக்குப் போகணும்" என்றேன்.

"வெள்ளிமலைன்னு கேட்டிருந்தா வேற பஸ்ஸக் காட்டியிருப்பேனே. நீங்க மலைன்னுதான கேட்டீங்க?" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார். அவர் மேல் தப்பே இல்லை.

அணைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். கடல்மீன் சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு அணை மீன் என்றாலே ஒரு இளக்காரம் உண்டு. அந்த இளக்காரத்தோடு ஒரு துண்டு வாங்கினேன். பிறகு இன்னொன்று வாங்கினேன். மிளகாய்த்தூள் நாக்கைப் பிடுங்கியது. சட்டைப் பையிலிருந்து சின்னக் காமிராவை எடுத்தேன். மீன் சட்டி, புகை, தண்ணீரில் நின்ற கொக்கு, அணையின் மதகு என்று பழைய மாதிரியே கண்ணில் பட்டதை எடுத்தேன். மீன்கார அம்மா என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எடுத்துவிட்டு அந்தப் பழைய சந்தோஷம் வருகிறதா என்று பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்று பார்த்தேன். வரவில்லை. மதகுப் படத்தில் என் விரல்கூட விழுந்திருந்தது. முன்பெல்லாம் அப்படி விழுந்தால் சிரிப்பு வரும். இப்போது அந்தப் படத்தை அழித்துவிட்டேன். விற்க முடிவு செய்ததே தப்போ என்று முதல் தடவையாக நினைத்தேன்.

மேலே போகும் ஒரு ஜீப்பில் இடம் கிடைத்தது. உள்ளே மூட்டைகளும் ஆட்களும் சம அளவில் இருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா தன் கிழங்குக் கூடையை என் காமிராப் பை மேல் வைத்துவிட்டார். எங்கள் ஊரில் மரச்சீனி என்று சொல்லி மீன் குழம்போடு தின்கிற கிழங்குதான். இங்கே குச்சிக்கிழங்கு என்கிறார்கள்.

"கூடையைக் கொஞ்சம் எடுத்துக்கிடுங்கம்மா. உள்ள காமிரா இருக்கு" என்றேன்.

"இம்மாம் பெருசாவா? வூட்டு மேல மாட்டுவாங்களே, அதுங்களா?"

"இல்லம்மா, கையில வச்சுப் படம் எடுக்கிறது."

"கையில எப்டிங்க தூக்குவீங்க?" என்றார். கூடையை எடுத்தார். அடுத்த வளைவில் கூடை தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

வெள்ளிமலையில் ஒரு டீக்கடைக்கு மேலே அறை கிடைத்தது. அருவிக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, "மாசி மாசத்துல தண்ணி கம்மிங்க. பாறைய வேணா பாக்கலாம்" என்றார் கடைக்காரர். ராத்திரிக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தார். எங்கள் சம்பா அரிசிச் சோறு வாயில் தனித்தனியாக நிற்கும். சாமை எதிர்பாராத நேரத்தில் தொண்டைக்குள் போய்விடுகிறது. இரண்டு தடவை புரையேறியது. குழம்பு அருமையாக இருந்ததால் மூன்றாம் தடவையும் சோறு வாங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் பெரிய காமிராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். மதியம் ஏழுமலையிடம் கொடுக்க வேண்டியது. கடைசியாக ஒழுங்காக ஒரு படம் எடுத்துவிட்டுக் கொடுப்போம் என்று ஒரு வைராக்கியம். கொஞ்ச தூரத்தில் சில வீடுகள், அதைத் தாண்டி, இங்கே காடு என்று சொல்கிற புன்செய் நிலம் இரண்டு துண்டு. நடுவில் வரப்பின் மேல் ஒரு பெரிய புளியமரம். கிளைகள் தெரியாத அளவுக்குப் பழம் தொங்கியது. பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. நல்ல இடம். ஸ்டாண்டை விரித்து, மூன்று கால்களையும் மண்ணில் அழுத்தி, காமிராவை மேலே மாட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன்.

"சார், நில்லுங்க, நில்லுங்க. நான் இல்லாம அளக்காதீங்க."

கையில் தொரட்டிக் கம்போடு ஒரு பெண் காட்டைக் குறுக்கே வெட்டி ஓடி வந்தார். வந்த வேகத்தில் என்னைத் தாண்டிப் போய், மரத்தின் அடியில் உள்ளங்கையைப் பதித்து, நேராக நிமிர்ந்து நின்றார்.

"இப்ப எழுதிக்கோங்க" என்றார்.

"என்னம்மா எழுதணும்?"

"இந்த வருசம் எங்க வருசம்னு எழுதுங்க. எம்பேரு அலமேலு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து துண்டை உதறிக்கொண்டு ஒருவர் வந்தார். அவர் அலமேலுவின் பங்காளி, பெயர் சடையன். வந்தவர் மரத்தின் மறுபக்கத்தில் தன் கையை வைத்தார்.

"யாரைக் கேட்டுக் கை வெச்ச? சார், இது எங்க வருசம். அந்தம்மா சொல்றத எழுதாதீங்க."

ஸ்டாண்டைப் பார்த்து நிலம் அளக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். மூன்று காலும், மேலே ஒரு கண்ணாடியும், குனிந்து பார்க்கிற ஆளுமாக நான் இருந்த கோலத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மெல்ல மெல்லத்தான் வழக்கு விளங்கியது. மரம் இரண்டு காட்டுக்கும் பொது. ஒரு வருஷம் இவர்கள் உலுக்குவார்கள், மறு வருஷம் அவர்கள். பரம்பரையாக அப்படித்தான். போன வருஷம் அலமேலு வீட்டு முறை. போன வருஷம் பார்த்து மரம் காய்க்கவில்லை.

"முறை வந்துச்சு, போயிடுச்சு. காய்க்காததுக்கு நானா பொறுப்பு?" என்றார் சடையன்.

"காய்க்காதது எப்டிங்க முறையாவும்? வெறும் எலைய உலுக்கிட்டு வூட்டுக்குப் போறதா?" என்றார் அலமேலு. "இதுல வர்ற பணத்தை நம்பித்தான் பொண்ணை மேல படிக்க அனுப்பணும்னு இருக்கோம். நீங்களே சொல்லுங்க சார். காய்க்காத வருசம் யாரு கணக்கு?"

இருவரும் மரத்திலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்கள். அலமேலு சொல்லும்போது அதுதான் சரி என்று பட்டது. சடையன் சொல்லும்போது அதுவும் சரியாகவே இருந்தது. அதைவிட மோசம், அவர்கள் மரத்தைப் பற்றிப் பேசப் பேச எனக்கு என் காமிராதான் ஞாபகம் வந்தது. வீட்டில் பெட்டிக்குள் இருந்த அத்தனை காலமும் அது எனக்கு ஒரு நல்ல படமும் தரவில்லை. அந்தக் காலம் யாருடைய கணக்கு? காமிராவுடையதா, என்னுடையதா?

"நான் அளக்க வந்தவன் இல்லீங்க. சும்மா படம் எடுக்க வந்தேன்" என்றேன்.

"சும்மாவா? சும்மா எடுக்கறதுக்கு எதுக்கு சார் மூணு காலு?" என்றார் சடையன்.

"பொழுதுபோக்குக்காக."

அலமேலு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சடையனிடம் திரும்பி, "சொல்லக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லி அனுப்பிச்சிருப்பாங்க" என்றார். சடையனும் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினார்.

எப்படி நம்ப வைப்பது? சட்டைப் பையிலிருந்து சின்னக் காமிராவை எடுத்துக் காட்டினேன். "பாருங்க, அளக்க வந்தவன் கையில இது இருக்குமா? இதுலயும் எடுப்பேன், அதுலயும் எடுப்பேன். பொழுதுபோக்குதான்." சொல்லிக்கொண்டே அவர்களை ஒரு படமும் எடுத்தேன்.

"அது வேணாம் சார்" என்றார் அலமேலு. "அதுல எடுத்தா செல்லாது. பெருசுல எடுங்க."

"ஆமா, பெருசுலயே எடுங்க" என்றார் சடையன். காலையிலிருந்து அவர்கள் இருவரும் முழுமனதாக ஒத்துக்கொண்டது அதைத்தான்.

செல்லாது. அந்தச் சொல் என்னைக் குத்திவிட்டது. அணைக்கட்டில் நான் எடுத்த படங்களுக்கும் அதுதானே குறை? யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் எதையும் பார்க்கவில்லை. அப்படியானால் நாகர்கோவில் குளத்தங்கரையில் எடுத்தபோது மட்டும் எப்படிச் செல்லுபடியானது? தெரியவில்லை. யோசிக்கவும் விடாமல் இருவரும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள்.

பெரிய காமிராவில் எடுத்தேன். கருத்த அடிமரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கைகள். அலமேலுவின் விரல்கள் விரிந்திருந்தன. சடையன் கையை மரத்தில் வைத்திருந்தாலும் கண் மட்டும் அலமேலு பக்கமே போனது. மேலே பழங்கள் கொத்துக் கொத்தாக யாருக்கும் சொந்தமில்லாமல் தொங்கின. பட்டனை அழுத்தியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை. பெரிய காமிரா இல்லாவிட்டால் இவர்கள் ஓடி வந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அந்தச் சந்தோஷம் காமிராவால் வந்ததா, இவர்கள் சண்டையால் வந்ததா என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியாது.

பின்பக்கத் திரையில் காட்டினேன். இரண்டு தலைகளும் நெருங்கி வந்தன.

"ரெண்டு பேரு கையும் வுழுந்திருக்குது" என்றார் சடையன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"எங்கையி ஒசரத்துல இருக்குது" என்றார் அலமேலு.

ஆளுக்கொரு படம் வேண்டும் என்றார்கள். அனுப்புகிறேன் என்றேன். கிளம்பும்போது கீழே உதிர்ந்து கிடந்த ஒரு பழத்தைக் குனிந்து எடுத்துவிட்டுத்தான், கேட்காமல் எடுத்துவிட்டோமே என்று நிமிர்ந்தேன். வழக்கு தீரும்வரை கீழே விழுந்ததைக்கூட யாரும் தொடுவதில்லையாம்.

"சார் எடுக்கட்டும். அவரு யாரு பக்கமும் இல்ல" என்றார் சடையன்.

அலமேலுவும் சரி என்றார். அந்த ஒரு பழத்தோடு நான் மலை இறங்கினேன். பஸ்ஸில் காமிராப் பையை வந்தபோது போலக் காலடியில் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு வளைவில் விற்பது என்று முடிவு செய்தால் அடுத்த வளைவில் விற்கக் கூடாது என்று தோன்றியது. அந்த மலைப்பாதையில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை.

ஏழுமலையின் கடை ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க மாலையும் கழுத்துமாகக் கல்யாண ஜோடிகள். இரண்டு நாள் தூங்காத கண்ணோடு அவர் உட்கார்ந்திருந்தார். இரவல் காமிராவை ஏற்கெனவே ஒரு பையில் போட்டு, திருப்பிக் கொடுக்க வாசலோரம் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

என் காமிராவை மேசையில் வைத்தேன். அவர் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பட்டன்களை அழுத்திப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவர் புளியமரத்தில் நின்றார்.

"இன்னா சார் இது, ரெண்டு பேரும் மரத்தத் தாங்கிக்கினு நிக்கிறாங்க?"

கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிரிண்ட்டு நான் போட்டுக் குடுக்கறேன் சார். அடுத்த மாசம் மலையில ஒரு காதுகுத்து இருக்குது, போறப்ப நானே குடுத்துடறேன்" என்றார். அடுத்த மாதக் காதுகுத்தை அவர் எந்தக் காமிராவில் எடுப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் இருந்தது.

"ஏழுமலை, ஒண்ணு சொன்னா கோவிக்கப்பிடாது" என்றேன். "ஒரு வருசம் நீங்க வச்சுக்கிடுங்க. மறு வருசம் நான் வச்சுக்கிடுதேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"மரம் மாதிரியா சார்?"

"ஆமா."

மேசைமேல் நான் வைத்திருந்த புளியம்பழத்தை எடுத்து, ஓட்டை உடைத்து, ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். முகம் சுருங்கியது. கொட்டையைத் துப்பிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"செரி சார். உங்க வருசத்துல நீங்க ஒரு படமும் எடுக்கலன்னா, அது யாரு கணக்கு?"

மலையில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் தப்பித்து வந்தேன். இங்கே தப்பிக்க வழி இல்லை. பேச வாயெடுத்துக் குனிந்தபோதுதான் பார்த்தேன். காமிராவின் ஒரு பக்கம் என் உள்ளங்கை இருந்தது, விரல்களை விரித்துப் பதித்தபடி. மறுபக்கம் அவருடைய கை. எப்போது வைத்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

கையை எடுத்துவிட்டேன்.

அவர் காமிராவைத் தூக்கிக் கண்ணில் வைத்து, சோதனைக்காக என்னையே முதல் படம் எடுக்கத் தயாரானார். "கைய எங்கயாவது வெச்சுக்கோங்க சார். சும்மா தொங்குது" என்றார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குக் கொண்டுபோனேன். சின்னக் காமிரா தட்டுப்பட்டது. அதை எடுத்து நானும் அவரை ஒரு படம் எடுத்தேன்.

அதுவரை என்னுடையதாக இருந்த பெரிய காமிராவுக்குப் பின்னால் ஏழுமலையின் பாதி முகம், புளிப்பில் இன்னும் ஒரு கண் சுருங்கியபடி. மங்கலாகத்தான் வந்திருக்கிறது. அது செல்லுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஊர் வந்து சேரும்வரை அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.